ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்: மூன்று ஜெனரேட்டர் ஓடியும் நிலக்கரி ஏன் தீர்ந்துபோகிறது?

2024 மார்ச் 3

இந்தக் கணினி விளையாட்டில் என் காலனிக்கு இது 74ஆவது சுழற்சி, அதாவது விளையாட்டின் 74ஆவது நாள். டூப்ளிகன்ட் என்று அழைக்கப்படும் காலனி மனிதர்கள் 9 பேர். நிலக்கரி ஜெனரேட்டர் மூன்று, ஒவ்வொன்றும் 600 வாட், மொத்தம் 1,800. ஜெனரேட்டர்களிலிருந்து 20 கிலோவாட் தாங்கும் தடித்த கம்பி ஒன்று கிளம்புகிறது. அதிலிருந்து மூன்று சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மூன்று கிளைகள்.

மின்சாரம் இழுப்பவை: ஆக்ஸிஜன் டிஃப்யூசர் இரண்டு 240 வாட், வாயு பம்ப் இரண்டு 480, நீர் பம்ப் 240, குளிர்பதனப் பெட்டி இரண்டு 240, நீர் வடிகட்டி 120, சூப்பர் கம்ப்யூட்டர் 120, ஆராய்ச்சி மேசை 60, அடுப்பு 60, விளக்கு ஆறு 60. எல்லாமே ஒரே நொடியில் ஓடினாலும் 1,620 வாட்தான். ஆக, மின்சாரம் மிஞ்ச வேண்டும். மிஞ்சவும் செய்கிறது. ஆனால் 20 சுழற்சிக்கு முன் 40 டன் இருந்த நிலக்கரி இன்று 6 டன். இன்னும் மூன்று நாளில் காலனி இருண்டுவிடும்.

இந்தக் காலனி நிலக்கரியால் வாழ முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது, இயற்கை எரிவாயுவைத் தேடிப் போவதுதான் வழி என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

2024 மார்ச் 3, இரவு

இது என்ன விளையாட்டு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வான்கூவரில் இருக்கும் கிளெய் நிறுவனம் உருவாக்கியது. முழு வடிவம் 2019 ஜூலை 30 அன்று வந்தது. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் சில மனிதர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். மூச்சு, சோறு, தண்ணீர், வெப்பம், மின்சாரம் எல்லாவற்றையும் கிராம், வாட் கணக்கில் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சுழற்சி என்பது 600 நொடி. நான் கணக்குப் பிள்ளை இல்லை; ஆனால் இந்த விளையாட்டு என்னைக் கணக்கு எழுத வைத்துவிட்டது.

2024 மார்ச் 4

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நேற்று நான் சொன்னது தவறு.

"தினசரி அறிக்கையைப் பார்த்தீர்களா?" என்று ஒருவர் கேட்டார். 74 சுழற்சியில் ஒரு முறைகூட நான் அதைத் திறந்ததில்லை. திறந்தேன். அதில் மின் பயன்பாடு ஒரு வரியிலும் வீணான மின்சாரம் இன்னொரு வரியிலும் இருக்கின்றன. நேற்றைய கணக்கு: பயன்பாடு ஏறக்குறைய 430 கிலோஜூல், வீணானது ஏறக்குறைய 640 கிலோஜூல்.

மூன்று ஜெனரேட்டரும் ஒரு சுழற்சி முழுக்க ஓடினால் 1,800 வாட் பெருக்கல் 600 நொடி, அதாவது 1,080 கிலோஜூல். பாதிக்கு மேல் எங்கேயும் போய்ச் சேரவில்லை. பேட்டரி நிரம்பிய பிறகும் ஜெனரேட்டர் நிலக்கரியைத் தின்றுகொண்டே இருக்கிறது. மின்சாரம் தேவையா இல்லையா என்று அது கேட்பதே இல்லை. நொடிக்கு ஒரு கிலோ. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஒரு கிலோ நிலக்கரிக்கு 600 ஜூல். 640 கிலோஜூல் வீண் என்றால் ஒரு சுழற்சிக்கு 1,067 கிலோ நிலக்கரி வீண். ஹாட்ச் என்பது பாறை தின்னும் ஒரு விலங்கு; ஒரு ஹாட்ச் நாள் முழுக்க 140 கிலோ பாறையைத் தின்று 70 கிலோ நிலக்கரி போடுகிறது. பதினைந்து ஹாட்ச்சின் ஒரு நாள் உழைப்பை நான் தினமும் கரியாக்கியிருக்கிறேன். இதைக் கணக்குப் போட்டு முடித்தபோது உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஸ்டிங்கி என்கிற டூப்ளிகன்ட் அந்தக் கரியைத் தோளில் சுமந்து கிழக்குச் சுரங்கத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் எத்தனை முறை நடந்திருப்பான்!

2024 மார்ச் 4, பின்குறிப்பு

குளிர்பதனப் பெட்டியைப் பற்றி முதல் குறிப்பில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இரண்டுக்கும் 240 வாட் என்றேன். குளிரூட்டும்போதுதான் பெட்டிக்கு 120 வாட். உள்ளே குளிர்ந்த பிறகு 20 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. பயன்பாடு நான் நினைத்ததைவிடக் குறைவாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

2024 மார்ச் 6

"ஜெனரேட்டரிலேயே ஒரு நழுவுக் குமிழ் இருக்கிறதே, அதைக் குறைத்து வைத்தால் போதாதா?" என்ற கேள்விக்கு: நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 50 சதவீதத்தில் வைத்து நிம்மதியாக இருந்தேன். அந்தக் குமிழ் கட்டுப்படுத்துவது நிலக்கரி கொண்டுவரும் வேலையை மட்டும். பேட்டரி அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் கரி கொண்டுவரச் சொல்லும். கொண்டுவந்து கொட்டிய கரி எரிவதை அது தடுக்காது. ஜெனரேட்டரின் வயிறு 600 கிலோ. ஒரு முறை நிரப்பினால் ஒரு சுழற்சி முழுக்க, யாருக்கும் தேவை இல்லாவிட்டாலும், எரிந்து முடியும். அதன் பிறகு சின்ன பேட்டரி சட்டென்று பாதிக்கு இறங்கும், மறுபடி 600 கிலோ வரும்.

2024 மார்ச் 9

ஸ்மார்ட் பேட்டரி வைத்துவிட்டேன். ஒன்றே ஒன்று. அதிலிருந்து ஒரு தானியங்கிக் கம்பி மூன்று ஜெனரேட்டருக்கும் போகிறது. கீழ் அளவு 20, மேல் அளவு 95. பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினால் பச்சை சமிக்ஞை போய் ஜெனரேட்டர்கள் எழுகின்றன. 95ஐத் தொட்டதும் சிவப்பு, மூன்றும் ஓய்ந்துவிடுகின்றன.

இதைக் கட்ட 200 கிலோ சுத்திகரித்த உலோகம் வேண்டும். என்னிடம் உருக்காலை இல்லை. கல் நொறுக்கியில் தாதுவைப் போட்டால் பாதிதான் உலோகமாக வரும், மீதி மணல். 400 கிலோ தாமிரத் தாதுவைக் கொடுத்து 200 கிலோ தாமிரம் வாங்கினேன். அப்போது வீண்செலவு போலத் தோன்றியது. இரண்டே சுழற்சியில் அந்த எண்ணம் போய்விட்டது.

நிலக்கரிச் செலவு சுழற்சிக்கு 1,800 கிலோவிலிருந்து 720 கிலோவாகிவிட்டது. ஒரு வாட் கூடுதல் உற்பத்தி இல்லை, புதிய எரிபொருள் இல்லை.

இன்னொன்று, ஜெனரேட்டர் அறையின் வெப்பமும் இறங்குகிறது. ஓடாத நேரத்தில் அது சுடுவதும் இல்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

2024 மார்ச் 10

என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வயது எட்டு. "அப்பா, யாருமே இல்லாத அறையில் விளக்கு எரிகிறது. அணைக்க மாட்டீர்களா?" என்று கேட்டாள். வீட்டில் நான் அவளிடம் தினமும் சொல்வதுதான் அது.

விளக்கு ஒன்றுக்கு 10 வாட். ஆறும் நாள் முழுக்க எரிந்தால் 36 கிலோஜூல், அறுபது கிலோ நிலக்கரி. ஒரு ஹாட்ச்சின் வேலைகூட முழுதாக ஆகாது. ஆனால் வெளிச்சத்தில் வேலை செய்கிற டூப்ளிகன்ட் 15 சதவீதம் வேகமாகச் செய்கிறான். ஆராய்ச்சி மேசை, சூப்பர் கம்ப்யூட்டர், அடுப்பு எல்லாம் வேலை நடக்கும்போது மட்டுமே மின்சாரம் இழுப்பவை. வேலை சீக்கிரம் முடிந்தால் அவை இழுப்பதும் சீக்கிரம் நிற்கும். 120 வாட் கம்ப்யூட்டரில் 15 சதவீத வேகம் கிடைக்கிறது என்றால், அதன் மேலே இருக்கும் 10 வாட் விளக்கு தன் செலவைத் தானே ஈடுகட்டிவிடுகிறது. வேலை நடக்கும் இடத்தில் விளக்கு போடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்படியென்றால் யாரும் வேலை செய்யாத அறையில்?" என்றாள். நடைபாதையில் இருந்த இரண்டு விளக்கைக் கழற்றிவிட்டேன். அவள் சொன்னது சரி.

2024 மார்ச் 16

இந்த இழையில் நான் எழுதுவதில் மிக முக்கியமானது இதுதான். பம்ப்.

வாயு பம்ப் நொடிக்கு 500 கிராம் இழுக்கும், 240 வாட் எடுக்கும். 500 கிராம் இழுத்தாலும் 240 வாட், 5 கிராம் இழுத்தாலும் அதே 240 வாட். அதன் வாய் எட்டும் இடத்தில் துளி வாயு இருந்தால் போதும், முழு மின்சாரத்தோடு ஓடும். குழாய் நிரம்பி அடைத்துக்கொண்டால் மட்டும் நிற்கும்.

என் தளத்தின் அடியில் கரியமில வாயு தேங்கும் குழி இருக்கிறது. அங்கே ஒரு பம்ப் வைத்து, வாயுவைத் தொலைவில் தோண்டிய ஒரு வெற்றிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எவ்வளவு வாயு சேர்கிறது? டூப்ளிகன்ட் ஒருவர் நொடிக்கு 2 கிராம் விடுகிறார். ஒன்பது பேருக்கு 18 கிராம். நிலக்கரி ஜெனரேட்டர் ஓடும்போது நொடிக்கு 20 கிராம்; மூன்றும் சேர்ந்து, இப்போது பத்துக்கு நான்கு பங்கு நேரம் மட்டும் ஓடுவதால், சராசரி 24 கிராம். மொத்தம் 42 கிராம். 500 கிராம் இழுக்கக்கூடிய இயந்திரம் 42 கிராமுக்காக இரவும் பகலும் 240 வாட் எடுத்துக்கொண்டிருந்தது. நூற்றில் எட்டு ஒன்பது பங்கு நேரம் ஓடினாலே போதும். அப்படி ஓடினால் சராசரி 20 வாட்.

குழிக்குள் ஒரு காற்றழுத்த சென்சார் வைத்தேன். அதற்கு மின்சாரமே வேண்டாம். ஒரு சதுரக் கட்டத்துக்குள் வாயு 1,000 கிராமைத் தாண்டினால்தான் பம்ப் ஓட வேண்டும் என்று இணைத்தேன். முதலில் நொடிக்கு ஒரு முறை ஓடுவதும் நிற்பதுமாக விக்கிக்கொண்டிருந்தது. நடுவே ஒரு பஃபர் கேட் வைத்தேன். சென்சார் அணைந்த பிறகும் சிறிது நேரம் சமிக்ஞையை அது பிடித்து வைத்திருக்கும். இப்போது பம்ப் ஒரேயடியாகக் குழியைக் காலி செய்துவிட்டு நீண்ட நேரம் உறங்குகிறது.

மிச்சம் ஏறக்குறைய 220 வாட். சுழற்சிக்கு 132 கிலோஜூல். 220 கிலோ நிலக்கரி. மூன்று ஹாட்ச். ஒரு சென்சாருக்கு!

2024 மார்ச் 17

வாயு வடிகட்டி 120 வாட் எடுக்கிறது என்று ஒருவர் நினைவூட்டினார். அதற்குப் பதில் குழாயில் ஒரு தனிம சென்சாரும் ஒரு ஷட்ஆஃப் வால்வும் வைத்தால் 10 வாட்டில் அதே வேலை முடியும். என்னிடம் வடிகட்டி இல்லை, அதனால் சோதிக்கவில்லை. வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள்.

2024 மார்ச் 23

டூப்ளிகன்ட் மீப் இறந்துவிட்டான்.

இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் இந்தத் தவற்றை வேறு யாரும் செய்யக்கூடாது.

உருக்காலை கட்டினேன். 1,200 வாட். அதை வடக்குக் கிளையில் மாட்டினேன். அங்கே டிரான்ஸ்ஃபார்மர் 1 கிலோவாட் மட்டுமே கொடுக்கும், அதனால் உருக்காலை திக்கித் திக்கி ஓடியது. மின்சாரம் போதவில்லை என்று நினைத்து, அந்த இடத்தில் 4 கிலோவாட் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்தேன். உருக்காலை அருமையாக ஓடியது. கிளையின் கம்பி மட்டும் பழைய 1 கிலோவாட் கம்பிதான். அதே கிளையில்தான் இரண்டு ஆக்ஸிஜன் டிஃப்யூசரும் இருந்தன.

கம்பி எரிந்தது. டிஃப்யூசர் நின்றது. நான் அந்த நேரத்தில் தெற்கே ஹாட்ச் தொழுவத்துக்குச் சுவர் எழுப்புவதில் மூழ்கியிருந்தேன், எச்சரிக்கையைக் கவனிக்கவில்லை. கவனித்துப் பழுது பார்க்கச் சொன்னபோது, காற்று இல்லாத மேல் மாடத்துக்கு ஏறிப் போனவன் மீப். முதல் நாளிலிருந்து கூட இருந்தவன். மூன்று பேரில் ஒருவனாகத் தொடங்கியவன்.

சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 1 கிலோவாட்டுக்கு மேல் கொடுக்காமல் இருந்தது ஒரு பாதுகாப்பு. அதை நான் குறை என்று நினைத்துக் கழற்றிவிட்டேன். மெல்லிய கம்பிக்கு முன்னால் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும்வரை அந்தக் கம்பி எரியவே எரியாது. விளக்கு மங்கும், இயந்திரம் திணறும், யாரும் சாக மாட்டார்கள்.

2024 மார்ச் 24

என் மனைவியின் அண்ணன் வயரிங் வேலை பார்க்கிறவர். இந்தக் கதையைச் சொன்னேன். விளையாட்டு என்பதையே மறந்துவிட்டு என்னைத் திட்டினார். "மாப்பிள்ளை, கம்பியின் தடிமனைப் பார்க்காமல் யாராவது மோட்டார் மாட்டுவார்களா? ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியை வைத்து ஃபியூஸ் கட்டுகிறவர்களை நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் தெரியுமா?" நான் செய்தது அச்சு அசலாக அதுதான்.

அவர் சொன்ன இன்னொன்றையும் செய்துவிட்டேன்: மூச்சுக்கு உரிய இயந்திரங்களுக்குத் தனிக் கிளை, தனி டிரான்ஸ்ஃபார்மர். அதில் வேறு எதையும் மாட்டுவதில்லை, ஒரு விளக்கைக்கூட.

உருக்காலைக் கிளைக்கு 2 கிலோவாட் தாங்கும் கடத்துக் கம்பி போட்டுவிட்டேன். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயே இருக்கட்டும். இனிப் பயமில்லை.

2024 மார்ச் 26

"இனிப் பயமில்லை" என்றது தவறு. ஒருவர் பொறுமையாக விளக்கினார். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் 4 கிலோவாட் கொடுக்கும், கடத்துக் கம்பி 2தான் தாங்கும். இன்று அந்தக் கிளையில் 1,200 வாட் இருப்பதால் ஒன்றும் ஆகவில்லை. நாளை இன்னொரு உருக்காலையை மாட்டினால் 2,400, அதே விபத்து. சரியான முறை, இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டின் வெளிவழியையும் ஒரே கிளையில் சேர்ப்பது. ஒன்றும் ஒன்றும் இரண்டு கிலோவாட், கம்பியும் இரண்டு கிலோவாட். மாற்றிவிட்டேன். அந்த நண்பருக்கு நன்றி.

தடித்த கம்பியைத் தளம் முழுக்க ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்ற யோசனைக்கு: அது சுவரையும் தரையையும் ஊடுருவாது, தனி இணைப்புத் தகடு வைக்க வேண்டும். பார்க்கவும் அசிங்கம், சுற்றிலும் அழகு மதிப்பை 25 குறைக்கிறது. படுக்கையறை வழியாக ஓடினால் டூப்ளிகன்ட்களின் மன அழுத்தம் ஏறும். ஜெனரேட்டர் அறையோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது.

2024 ஏப்ரல் 2

"பெரிய பேட்டரிகளை வரிசையாக வையுங்கள், மிஞ்சியதைச் சேமிக்கலாம்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. சென்ற ஆண்டு இன்னொரு காலனியில் 12 ஜம்போ பேட்டரி வைத்தேன். 480 கிலோஜூல் கொள்ளளவு. பார்க்கக் கம்பீரமாக இருந்தது.

ஒரு ஜம்போ பேட்டரி சுழற்சிக்கு 2 கிலோஜூல் கசியவிடும். பன்னிரண்டுக்கு 24. அது பெரிய இழப்பு இல்லை. 40 கிலோ கரி. என்னைக் கவிழ்த்தது வெப்பம். ஒவ்வொன்றும் நொடிக்கு 1.25 கிலோ டிடியு (விளையாட்டின் வெப்ப அலகு) வெப்பம் விடுகிறது. பன்னிரண்டும் சேர்ந்தால் 15. ஒரு நிலக்கரி ஜெனரேட்டரே 9தான் விடுகிறது. பேட்டரி அறைக்கு மேல் தளத்தில் மீல்வுட் என்ற உணவுச் செடியின் தோட்டம். மீல்வுட் 30 டிகிரிக்கு மேல் வளராது. ஐம்பது சுழற்சியில் தோட்டம் முழுவதும் நின்றுபோனது. மின்சாரத்தைச் சேமிக்கப் போய்ச் சோற்றை இழந்தோம்.

ஸ்மார்ட் பேட்டரி 20 கிலோஜூல்தான். ஆனால் கசிவு சுழற்சிக்கு 0.4 கிலோஜூல், வெப்பம் 0.5. எரிபொருளாகவே இருந்தால் நிலக்கரி கசியாது, சுடாது. சேமிப்பதென்றால் கரியாகவே சேமியுங்கள். தேவைப்படும் நொடியில் எரியட்டும்.

பகலில் மட்டும் தரும் சூரியத் தகட்டை நம்பியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு இரவைத் தாண்டப் பேட்டரி வேண்டும்தான்.

2024 ஏப்ரல் 13

நாளை புத்தாண்டு, விடுமுறை. நீண்ட கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன்.

டிஃப்யூசருக்குப் பாசி வேண்டும், பாசி தீர்கிறது. மின்னாற்பகுப்பிக்கு மாற வேண்டும். அது நொடிக்கு 1 கிலோ தண்ணீரைப் பிரித்து 888 கிராம் ஆக்ஸிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தருகிறது, 120 வாட் எடுக்கிறது. ஹைட்ரஜன் ஜெனரேட்டர் 100 கிராமுக்கு 800 வாட் தருவதால் 112 கிராமுக்கு 896 வாட்.

செலவு: பகுப்பிக்கு 120. மொத்த வாயு 1,000 கிராம், அதற்கு இரண்டு பம்ப், 480. நீர் பம்ப் 10 கிலோ இழுக்கக்கூடியது. ஒரு கிலோவுக்கு 24. வாயுவைப் பிரிக்க வடிகட்டி 120. கூட்டினால் 744. மிச்சம் 152 வாட். மூச்சுக் காற்றைத் தயாரிக்கும் இயந்திரம் தன் மின்சாரத்தைத் தானே செய்துகொள்கிறது! இதைக் காகிதத்தில் முதல் முறையாகப் பார்த்தபோது எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது.

888 கிராம் என்பது 8 பேருக்குத் தாராளம். ஒருவருக்கு நொடிக்கு 100 கிராம் வேண்டும். மீப் இருந்திருந்தால் ஒன்பது பேர், 12 கிராம் குறைந்திருக்கும். இப்போது குறையவில்லை.

2024 ஏப்ரல் 15

கட்டிவிட்டேன். இரண்டு திருத்தம்.

வடிகட்டி வேண்டாம். ஹைட்ரஜன் லேசானது, தானாக மேலே ஏறுகிறது. மேலே ஒரு பம்ப், கீழே இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தன் வாயு மட்டும் எட்டும்படி அறையை உயரமாக அமைத்து, மேல் பம்புக்கு ஒரு காற்றழுத்த சென்சார். 152 அல்ல, 272 வாட் மிச்சம் என்று காகிதம் சொல்கிறது.

ஆனால் காகிதம் சொல்வது முழுதாகக் கிடைக்கவில்லை. மார்ச் 16இல் நானே எழுதியதை மறந்துவிட்டேன்: பம்ப் குறைவாக இழுத்தாலும் முழு மின்சாரம் எடுக்கும். கீழ்ப் பம்ப்களுக்கும் சென்சார் வைத்த பிறகுதான் பேட்டரி ஏறத் தொடங்கியது. முதல் தொடக்கத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். 400 வாட் கை ஜெனரேட்டரில் ஸ்டிங்கியை ஓடவிட்டேன்.

வெளிவரும் ஆக்ஸிஜன் 70 டிகிரி. மீல்வுட் நினைவிருக்கிறதா? அடுத்த தலைவலி அதுதான்.

2024 ஏப்ரல் 28

குளிரூட்டல். அக்வாட்யூனர் 1,200 வாட் எடுத்து, வழியாக ஓடும் நீரை 14 டிகிரி குறைக்கிறது. வெளியே தள்ளும் வெப்பத்தில் நீராவி எழும். 125 டிகிரிக்கு மேற்பட்ட நீராவியை டர்பைன் விழுங்கி 95 டிகிரி நீராகத் திருப்பித் தரும், 200 டிகிரியில் 850 வாட் கொடுக்கும்.

10 கிலோ தண்ணீரை 14 டிகிரி குறைத்தால் நகரும் வெப்பம் நொடிக்கு 585 கிலோ டிடியு. முழு வேகத்தில் ஒரு டர்பைன் விழுங்குவது 877. மூன்றில் இரண்டு பங்கு. ஆக 567 வாட் திரும்பி வருகிறது. குளிரின் உண்மையான விலை 633 வாட். பாதி விலைக்குக் கிடைத்தாலும் இது என் தளத்திலேயே பெரிய செலவு.

அதனால் இங்கேயும் சென்சார்தான். குழாய் நீர் குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால் மட்டும் அக்வாட்யூனர் எழும். என் தளத்துக்கு அது மிகச் சிறிது நேரம் ஓடினாலே போதுமானதாக இருக்கிறது. எஃகில் கட்டுங்கள், தாமிரத்தில் கட்டினால் அந்த நீராவி அறையில் அதுவே வெந்து பழுதாகும்.

2024 மே 12

மின்வெட்டு என்று கேட்டாலே நம்மில் பலருக்குப் பழைய கோடைகள் நினைவுக்கு வரும். நான் இப்போது என் காலனிக்கு மின்வெட்டு ஏற்பாடு செய்திருக்கிறேன், விரும்பியே.

தடித்த கம்பியில் இன்னொரு ஸ்மார்ட் பேட்டரி. கீழ் அளவு 15, மேல் அளவு 50. ஜெனரேட்டர்களை எழுப்பும் முதல் பேட்டரியின் கீழ் அளவை 20லிருந்து 60ஆக உயர்த்திவிட்டேன். இரண்டாவது பேட்டரியின் சமிக்ஞை ஒரு நாட் கேட் வழியாகப் பச்சை சிவப்பாக, சிவப்பு பச்சையாகத் தலைகீழாகி, உருக்காலைக் கிளையிலும் ஆராய்ச்சிக் கிளையிலும் இருக்கும் மின் துண்டிப்பானுக்குப் போகிறது. ஜெனரேட்டர்கள் எழுந்தும் பேட்டரி 15க்கு இறங்கினால் அந்த இரண்டு கிளையும் அறுந்துவிடும். மூச்சுக் கிளையும் உணவுக் கிளையும் தொடரும். 50க்கு ஏறியதும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

நேற்று வேண்டுமென்றே நிலக்கரியை நிறுத்திச் சோதித்தேன். உருக்காலை நின்றது. கம்ப்யூட்டர் முன்னால் நின்றவள் வேறு வேலைக்குப் போய்விட்டாள். ஆக்ஸிஜன் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மார்ச்சில் இது இருந்திருந்தால் மீப்பைக் காப்பாற்றியிருக்குமா என்று யோசித்தேன். இருக்காது; அன்று எரிந்தது கம்பி, தீர்ந்தது மின்சாரம் அல்ல. இரண்டும் வேறு வேறு நோய், இரண்டுக்கும் தனித்தனி மருந்து வேண்டும்.

2024 மே 13

"கடைசியில் இயற்கை எரிவாயுவுக்குப் போனீர்களா?" என்று இன்று காலையில் ஒருவர் கேட்டிருக்கிறார். போகவில்லை. ஊற்றைக் கண்டுபிடித்து, சுற்றிலும் சுவர் கட்டி வைத்திருக்கிறேன்.

குழிப் பம்புக்குச் சென்சார் வைத்த வாரத்தில் பயன்பாடு 300 கிலோஜூலுக்கு இறங்கியது. 500 கிலோ நிலக்கரி. உருக்காலையும் அக்வாட்யூனரும் ஓடும் நாட்களில் ஏறும். அவற்றின் ஒரு பங்கை மின்னாற்பகுப்பியின் மிச்சமும் டர்பைனும் ஈடுகட்டுகின்றன. 96 கட்டத் தொழுவத்தில் எட்டு ஹாட்ச். நாள் ஒன்றுக்கு 1,120 கிலோ பாறை தின்று 560 கிலோ நிலக்கரி போடுகின்றன. தினமும் ஒருவர் போய்த் தடவிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சோர்ந்து தின்பதைக் குறைத்துவிடும். அந்த வேலையை ஸ்டிங்கிக்குக் கொடுத்திருக்கிறேன். கரி சுமக்கும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிட்டதால் அவனுக்கு நேரம் இருக்கிறது.

146ஆவது சுழற்சி. கிடங்கில் நிலக்கரி 11 டன். மூன்றாவது ஜெனரேட்டரை நேற்று இடித்துவிட்டேன்.